பொய் வலியா, குறைமாதப் பிரசவ வலியா? எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும்?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் துணைவியாருக்கு இப்போது 30 வாரம். வீடு மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பக்கமுள்ள பிறையில். அவர் வேலை செய்வது பாலம் தாண்டித் தீவுப் பக்கம், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். முதல் குழந்தை 35 வாரத்திலேயே பிறந்துவிட்டது. இரண்டு இரவுகளாக வயிறு அடிக்கடி இறுகித் தளர்கிறது. இடுப்பின் கீழ்ப்பகுதியில் மந்தமான வலியும் இருக்கிறது. உங்கள் அம்மா அதைச் சூட்டு வலி என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுக்கிறார். போன வாரம் இதே போல் வலி வந்து மருத்துவமனைக்குப் போனபோது, சில மணி நேரம் காக்க வைத்து, 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். குறைமாதப் பிரசவ வலியின் அறிகுறிகள் என்ன, ஊசி போட்டு அதை நிறுத்த முடியுமா, ஏழு மாதக் குழந்தை பிழைக்கும் எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்பது உண்மையா என்று மூன்று கேள்விகளை எழுதியிருக்கிறீர்கள். எழுதாத நான்காவது ஒன்றும் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: மறுபடி போய், மறுபடியும் 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? உங்களை வீட்டில் உட்கார வைத்திருப்பது அந்தத் தயக்கம்தான். ஆகையால் அதற்கே முதலில் விடை சொல்கிறேன். இன்றே கிளம்புங்கள். இறுக்கம் இப்போதும் வந்துகொண்டிருந்தால் மீதியை வழியில் படித்துக்கொள்ளலாம்.

நான் மருத்துவர் அல்ல. பினாங்கில் பல ஆண்டுகள் பிரசவ அறையிலும், பின்னர் தாய்சேய் கிளினிக்கிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தாதி. உங்கள் துணைவியாரை நான் பார்க்கவில்லை, வயிற்றில் கை வைக்கவில்லை. எனவே அவருக்கு இருப்பது இன்ன வலி என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. முதல் குழந்தை 37 வாரம் நிறையும் முன் தானாக வலி கண்டு பிறந்திருந்தால், அடுத்ததும் அப்படிப் பிறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகவே கூடுதல் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. மற்றொரு பெண்ணுக்கு 'இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்' என்று சொல்லக்கூடிய அறிகுறியை அவருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

திருப்பி அனுப்பப்படுவதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குறைமாதப் பிரசவ வலி என்று மருத்துவர்களே கருதும் பெண்களில்கூட 100 பேரில் 10 பேருக்கும் குறைவானவர்களே அடுத்த 7 நாட்களுக்குள் பிரசவிக்கிறார்கள். ஏறக்குறைய 30 பேருக்கு வலி தானாகவே அடங்கிவிடுகிறது. ஸ்கேனும், குழந்தையின் இதயத் துடிப்பையும் இறுக்கத்தையும் பதியும் சி.டி.ஜி. கருவியும், பயிற்சி பெற்ற கண்களும் உள்ள இடத்திலேயே நிலைமை இதுவென்றால், இரவு 2 மணிக்குப் படுக்கையறையில் இருக்கும் கணவனும் மனைவியும் சரியாகக் கணித்தாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. போன வாரம் உங்களிடம் சொன்ன 'ஒன்றுமில்லை' என்பது அந்த நேரத்தில் கர்ப்பப்பை வாய் திறக்கத் தொடங்கவில்லை என்ற செய்தி மட்டுமே. இந்த வாரத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. கவுண்டரில் யாராவது முகம் சுளித்தாலும் அதைப் பொருட்படுத்தாதீர்கள். பணிச்சுமையில் அப்படி நடப்பது உண்டு, நடக்கக் கூடாததுதான்.

இனி அறிகுறிகள். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்தே கர்ப்பப்பை அவ்வப்போது இறுகித் தளரும். நாம் பொய் வலி என்று சொல்லும் இதற்கு, 1872இல் இதை விவரித்த ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர் வழங்குகிறது. இது ஒழுங்கில்லாமல் வரும். எழுந்து நடந்தாலோ, படுத்தாலோ, தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழித்தாலோ பெரும்பாலும் குறைந்துவிடும். மெய்யான வலி இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். இருக்கும் நிலையை மாற்றினாலும் விடாது. ஆனால் குறைமாதத்தில் இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 40 வாரத்தில் வரும் வலியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பெண், 30 வாரத்தில் வலியே இல்லாத வெறும் இறுக்கமாக வருவதைப் பிரசவம் என்று நினைப்பதே இல்லை. சிலருக்கு மாதவிடாய் வருவதுபோன்ற அடிவயிற்றுப் பிடிப்பு மட்டும் இருக்கும். சிலருக்கு இடுப்பில் விட்டு விட்டு வரும் வலி, சிலருக்குக் குழந்தை கீழே தள்ளுவதுபோன்ற அழுத்தம், சிலருக்கு வயிற்றுப்போக்கு வருவதுபோன்ற உணர்வு. 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இறுக்கத்தை அறியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை எளியது. அவர் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கட்டும். நீங்கள் விரல் நுனிகளைத் தொப்புளுக்கு மேலே வயிற்றில் இலேசாக வைத்திருங்கள். தளர்ந்திருக்கும்போது விரல் உள்ளே அமுங்கும். இறுக்கம் இலேசாக இருந்தால் மூக்கின் நுனியைத் தொடுவதுபோலவும், நடுத்தரமாக இருந்தால் முகவாயைத் தொடுவதுபோலவும், பலமாக இருந்தால் நெற்றியைத் தொடுவதுபோலவும் இருக்கும். ஓர் இறுக்கம் தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம் வரை எழுதி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 6 முறைக்கு மேல் வந்தால் வலியில்லாவிட்டாலும் போக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 4 முறை வந்தாலே போகச் சொல்பவர்களும் உண்டு. எண்ணில் கருத்து வேறுபாடு இருப்பதற்குக் காரணம், இறுக்கத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரசவத்தைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதே. முன்பு குறைமாதத்தில் பெற்றவர் என்பதால் உங்கள் துணைவியார் எண்ணி முடிக்கக் காத்திருக்க வேண்டாம். ஒழுங்காக வருகிறது என்ற ஐயம் தோன்றினாலே போதும்.

எண்ணிக்கை எதுவும் பார்க்காமல் உடனே போக வேண்டிய நிலைகளும் உண்டு. ஒன்று, நீர் போவது. பனிக்குடம் உடைந்தால் தரையெல்லாம் நனையும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சிறிய கிழிசல் ஏற்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதும் உண்டு. அதைச் சிறுநீர் என்றோ வெள்ளைபடுதல் என்றோ எண்ணி இரண்டு நாள் விட்டுவிடுவார்கள். ஒரு சுத்தமான பேடு வைத்து, சிறிது நேரம் படுத்திருந்து எழுந்ததும் அது நனைந்திருந்தால், சிறுநீர் வாடையும் இல்லை என்றால், பனிநீராகவே கருதிப் புறப்படுங்கள். அந்தப் பேடையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். இரண்டாவது, இரத்தம். சளியில் கலந்த இளஞ்சிவப்பும் சொல்ல வேண்டியதே. புதிய சிவப்பு இரத்தம் எந்த அளவில் வந்தாலும் அவசரம். இரத்தத்தோடோ இல்லாமலோ வயிறு தளராமல் ஒரே இறுக்கமாக நின்று, வலியும் விடாமல் இருந்தால், நஞ்சுக்கொடி பிரிந்துகொண்டிருக்கலாம். அது குறைமாத வலியைவிடவும் பெரிய ஆபத்து. மூன்றாவது, குழந்தையின் அசைவு குறைவது. தாய்சேய் கிளினிக்கில் தரும் கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தில் அசைவை 10 வரை எண்ணிக் குறிக்கும் அட்டவணை இருக்கிறது. வெறுமனே டிக் போடாமல் உண்மையாகவே எண்ணுங்கள். காய்ச்சலும் குளிர்நடுக்கமும் நான்காவது. மிக அரிதாக, பனிக்குடம் உடைந்தபின் தொப்புள்கொடி வெளியே தெரியலாம் அல்லது கையில் தட்டுப்படலாம். அப்போது அவரை முழங்காலிலும் முன்கையிலும் ஊன்றி, இடுப்பு உயர்ந்தும் தலை தாழ்ந்தும் இருக்க வைத்து, ஆம்புலன்சுக்கு 999ஐ அழையுங்கள். கொடியை உள்ளே தள்ள முயலாதீர்கள்.

சூட்டு வலி பற்றி. உங்கள் அம்மாவின் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. என் வீட்டிலும் சீரகத் தண்ணீர் கொதித்திருக்கிறது. அதனால் கெடுதல் இல்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தவருக்கு இறுக்கம் சற்றுத் தணியவும் கூடும். ஆனால் தண்ணீரோ சலைன் டிரிப்போ குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. தீமை அந்தத் தம்ளரில் இல்லை. குடித்துவிட்டு விடியும் வரை காத்திருக்கும் மணி நேரங்களில் இருக்கிறது. நம்மவர்கள் சூடு என்று சொல்லும் பல சந்தர்ப்பங்களில் சிறுநீர்த் தொற்று இருப்பதையும் கண்டிருக்கிறேன். எரிச்சலோடு அடிக்கடி சிறுநீர் போவதும், இடுப்பு வலியும் அதன் அடையாளங்கள். மருந்து கொடுக்காமல் விட்டால் அது குறைமாத வலியில் கொண்டுபோய் விடலாம். வயிற்றை உருவிவிடச் சொல்லி யாரையும் அழைக்க வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகவே இருப்பேன்.

எங்கே போவது என்பதை வலி வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 30 வாரக் குழந்தைக்குத் தேவை பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு, அதாவது எல்லோரும் சொல்லும் என்.ஐ.சி.யூ. வீட்டில் இருக்கும்போது உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது செபராங் ஜெயா மருத்துவமனை. பாலம் தாண்ட வேண்டியதில்லை. அவர் வேலையிடத்தில் இருக்கும்போது வலி கண்டால், 'வீட்டுக்கு வந்துவிடு, பிறகு போகலாம்' என்று பாலத்தின் மாலை நெரிசலில் சிக்க வைக்காமல், தீவிலேயே ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனைக்கு நேரே போகச் சொல்லுங்கள். பக்கத்துச் சிறிய கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அவர்களும் அங்கேதான் அனுப்புவார்கள். நம் நாட்டுத் தாய்சேய் கிளினிக்குகளின் வண்ணக் குறியீட்டில் குறைமாத இறுக்கமும் நீர் கசிவும் சிவப்பில் வருபவை. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. குழந்தை பிறந்தபின் இன்குபேட்டரில் ஏற்றிக் கொண்டுபோவதைவிடத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. பிங்க் புத்தகம், அடையாள அட்டை (ஐசி), கடைசி ஸ்கேன், சாப்பிடும் மருந்துகள் இவற்றை ஒரே பையில் வையுங்கள். கவுண்டரில் 'சாக்கிட் பெருட்' (வயிற்று வலி) என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். 30 வாரம், முதல் குழந்தை 35 வாரத்தில் பிறந்தது, இறுக்கம் இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, நீர் அல்லது இரத்தம் உண்டா இல்லையா என்று இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே உங்களை முன்னால் அழைப்பார்கள்.

உள்ளே போனதும் சி.டி.ஜி. பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பையும் இறுக்கத்தையும் பார்ப்பார்கள், சிறுநீர் சோதிப்பார்கள், கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். வசதியுள்ள இடங்களில் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து அந்த வாயின் நீளத்தை அளப்பார்கள். 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் உடனே பிரசவம் ஆவது அரிது, 15க்குக் கீழே இருந்தால் கவலைக்குரியது, இடைப்பட்டதுதான் தலைவலி. ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தைத் தேடும் சோதனையும் உண்டு. அது இல்லை என்று வந்தால் அடுத்த ஒரு வாரத்தில் பிரசவம் ஆகாது என்று பெரும்பாலும் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால் அதற்கு அவ்வளவு எடை கிடையாது. முந்திய 24 மணி நேரத்தில் உடலுறவு இருந்தாலோ இரத்தம் போயிருந்தாலோ முடிவு குழம்பும் என்பதால் அதைக் கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டு வலியை நிறுத்த முடியுமா என்று கேட்டீர்கள். ஓரிரு நாட்கள் தள்ளிப்போடலாம். நிறுத்திவிட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். நிஃபெடிபின் மாத்திரை கொடுப்பார்கள். அது இரத்த அழுத்தத்துக்கு வழங்கும் மருந்து, கர்ப்பப்பைத் தசையையும் தளர்த்தும். தலைவலியும் முகச் சிவப்பும் வரலாம். சில இடங்களில் அட்டோசிபான் என்பதை டிரிப்பில் ஏற்றுவார்கள். இவை இரண்டுமே ஏறக்குறைய 48 மணி நேரம் பிரசவத்தைத் தாமதப்படுத்தப் பயன்படுகின்றன. அதற்கு மேல் நாள் கணக்கில் தொடர்ந்து கொடுப்பதால் குழந்தைக்கு நன்மை கூடுவதாக இதுவரை நிறுவப்படவில்லை. கர்ப்பப்பையில் தொற்று, கடும் இரத்தப்போக்கு, குழந்தையின் துடிப்பில் கோளாறு, தாய்க்குக் கடுமையான இரத்தக் கொதிப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் வலியை நிறுத்த முயலவே மாட்டார்கள். அப்போது குழந்தை உள்ளே இருப்பதுதான் ஆபத்து. உறவினர்கள் 'ஏன் நிறுத்தவில்லை' என்று சண்டைக்குப் போகும் இடம் இது. அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அந்த 48 மணி நேரம் எதற்கு என்பதில்தான் நான் உங்களை அவசரப்படுத்துவதன் காரணமே அடங்கியிருக்கிறது. குறைமாதக் குழந்தையின் முதல் பகை மூச்சு. நுரையீரலின் சிறு அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உதவும் பொருள் 30 வாரத்தில் போதிய அளவு சுரந்திருக்காது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் 1960களில், பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று அறிய ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டு மிக முன்னதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிகள், செத்துப் பிறக்க வேண்டிய வளர்ச்சியில் இருந்தும் மூச்சுவிட்டதை அவர் கவனித்தார். ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து அதைத் தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். பிறப்பதற்கு முன் தாய்க்கு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது என்று தெரிந்தது. இருந்தும் இது உலகெங்கும் வழக்கத்துக்கு வர மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் 1994இல்தான் இதை வலியுறுத்தி அறிக்கை விட்டது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது பொருந்துமா என்ற ஐயம் அதற்குப் பிறகும் இருந்தது. இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வு, பிறந்த குழந்தைகளின் இறப்பு குறைவதைக் காட்டி அதையும் தீர்த்தது. பயன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்த ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

பீட்டாமெத்தசோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் என்ற அந்த ஊசியை 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகக்கூடும் என்றால் போடுவார்கள். வழக்கமாக இரண்டு ஊசிகள், மருந்துக்கும் மருத்துவமனைக்கும் ஏற்ப 12 அல்லது 24 மணி நேர இடைவெளியில். முதல் ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்து, 7 நாட்களுக்குள் குழந்தை பிறந்தால் முழுப் பயன் கிடைக்கும். சில மணி நேரம் கிடைத்தாலும் ஓரளவு பயன் உண்டு. அதனால்தான் வலி மெய்யா பொய்யா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருப்பதை நான் விரும்பவில்லை. வீட்டில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இந்த ஊசியின் கணக்கிலிருந்து கழிகிறது. இதில் இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் துணைவியாருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு இருந்தால், ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறும். அளந்து பார்த்து மருந்தைக் கூட்டுவார்கள், பயப்பட வேண்டாம். வலி அடங்கிவிட்டது என்று முதல் ஊசியோடு வீட்டுக்குக் கிளம்ப நினைத்தால், இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். அதே சமயம், ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் மறுபடி போடச் சொல்லிக் கேட்பதும் சரியல்ல. பல தடவை போட்டால் குழந்தையின் எடை குறைவதாகத் தெரிகிறது. 34 வாரத்துக்குப் பிறகு போடலாமா என்பதில் இன்றைக்கும் ஒருமித்த கருத்து இல்லை. மூச்சுத் திணறல் குறைந்தாலும், பிறந்த குழந்தையின் சர்க்கரை தாழ்ந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது.

பிரசவம் நெருங்கிவிட்டது என்று உறுதியானால், 30, 32 வாரங்களுக்கு முன்பு என்றால், மக்னீசியம் சல்ஃபேட் டிரிப் ஏற்றுவார்கள். உடல் முழுதும் சூடாக இருப்பதாகச் சொல்வார்கள். அது குழந்தையின் மூளையைக் காக்க, பெருமூளை வாதம் வரும் வாய்ப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. பனிக்குடம் உடைந்திருந்தால் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை 10 நாள் கொடுப்பது வழக்கம். உடையாமல் வெறும் வலி மட்டும் இருந்தால், தொற்று இல்லாதபோது ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. 'மருந்தே கொடுக்கவில்லை' என்று குறைப்பட வேண்டாம். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் அப்படிக் கொடுத்ததால் பயன் இல்லை என்பதோடு, அந்தக் குழந்தைகளை 7 வயதில் பார்த்தபோது பெருமூளை வாதம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

இப்போது ஏழு மாதம், எட்டு மாதம். எந்த ஐயமும் இல்லாமல் சொல்கிறேன், அது தவறு. ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. 32 வாரக் குழந்தை 28 வாரக் குழந்தையைவிட எல்லா வகையிலும் பலமானது. இந்த நம்பிக்கை நம்மவர்களுடையது மட்டுமல்ல. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே எட்டு மாதக் குழந்தைக்கென்று தனி ஏடு இருக்கிறது. இது எப்படித் தோன்றியிருக்கும் என்பதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் ஊகம்தான்: அந்தக் காலத்தில் ஏழு மாதம் என்று எண்ணியதில் உண்மையில் ஒன்பதை நெருங்கியவையும் இருந்திருக்கும், அவை பிழைத்திருக்கும். இந்த நம்பிக்கையால் நடைமுறையில் ஒரு தீங்கு உண்டு. எட்டாம் மாதம் என்றதுமே குடும்பம் மனம் தளர்ந்துவிடுகிறது. வசதி நிறைந்த நாடுகளில் 30 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் 100க்கு 95க்கும் மேல் பிழைக்கின்றன. உங்கள் குழந்தைக்கு இத்தனை விழுக்காடு என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. எடை, தொற்று, ஸ்டீராய்டு கிடைத்ததா, எங்கே பிறக்கிறது என்பவற்றைப் பொறுத்து மாறும். மருத்துவமனையில் மாதக் கணக்கு சொல்லாமல் வாரக் கணக்கு சொல்லுங்கள். அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் கொடுத்த தேதியிலிருந்து.

வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பகுதியில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. படுக்கையை விட்டு எழக் கூடாது என்ற பழைய அறிவுரைக்கு ஆதரவு கிடைக்கவில்லை. அசையாமல் படுத்திருந்தால் குறைமாதப் பிரசவம் தடுக்கப்படுவதாகக் காட்ட முடியவில்லை. காலில் இரத்தம் உறையும் அபாயமும் தசை மெலிவும்தான் மிச்சம். அதற்காக 12 மணி நேர ஷிப்டில் நிற்க வேண்டும் என்று பொருளல்ல. நீண்ட நேரம் நிற்பதற்கும் இரவு ஷிப்டுக்கும் குறைமாதப் பிரசவத்தோடு ஓரளவு தொடர்பு காணப்படுகிறது. எனவே மருத்துவரிடம் கடிதம் வாங்கி, பகல் ஷிப்டும் உட்கார்ந்து செய்யும் வேலையும் கேட்பது நியாயம். குறைமாதப் பிரசவத்தைத் தவிர்க்கக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தும், கர்ப்பப்பை வாய் திறக்காமல் இருக்க அதைத் தைப்பதும் 30 வாரத்தில் தொடங்கும் வேலைகள் அல்ல. 24 வாரத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை. தையலில் இன்றும் வழங்கும் ஒரு முறை, பம்பாய் மருத்துவர் ஷிரோட்கர் 1955இல் வெளியிட்டது. அடுத்த கர்ப்பம் என்று ஒன்று வந்தால், முதல் பதிவின்போதே முந்திய வரலாற்றைச் சொல்லி, கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நீளம் குறைந்திருப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் பயன் தருகிறது. வாரம் ஒருமுறை ஊசியாகப் போட்டுவந்த செயற்கை வகை பலன் தரவில்லை என்று அமெரிக்காவில் 2023இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதைத் தேடி அலையாதீர்கள்.

உங்கள் துணைவியார் தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அன்னாசி தின்றதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, வளைகாப்பில் அதிக நேரம் உட்கார்ந்ததாலோ இது வருவதில்லை. தானாக வரும் குறைமாத வலிகளில் பெரும்பகுதிக்குக் காரணம் இன்னதென்று மருத்துவர்களாலேயே சுட்டிக்காட்ட முடிவதில்லை.

குழந்தை இப்போதே பிறந்துவிட்டால் உங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழும். அதற்கும் தயாராக இருங்கள். பச்சை உடம்புக்காரி 30 நாள் வெளியே போகக் கூடாது என்பார்கள். ஆனால் என்.ஐ.சி.யூ.வில் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை விஞ்சிய மருந்து இல்லை. குடலை அழுகச் செய்யும் ஒரு கொடிய நோயிலிருந்து அது காப்பாற்றுகிறது. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்கி, இரவும் சேர்த்து ஒரு நாளில் 8 முறையாவது எடுத்தால்தான் பால் நிலைக்கும். முதல் நாளில் ஒரு தேக்கரண்டி அளவுகூட வராமல் இருக்கலாம். சொட்டு வந்தாலும் சிரிஞ்சில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். தோலோடு தோலாகக் குழந்தையை மார்பில் அணைத்து வைக்கும் கங்காரு முறை, இன்குபேட்டர்கள் போதாமல் கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கியது. எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே அதைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவதாக 2021இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வு காட்டியது. அப்பாவும் வைத்துக்கொள்ளலாம். பத்தியச் சாப்பாடும் வெந்நீர்க் குளியலும் வழக்கம்போல் நடக்கட்டும், அவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தாயை வீட்டில் பூட்டி வைக்க வேண்டாம் என்று உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். தாதியர் சொன்னால் கேட்பவர்கள் குறைவு.

வேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் தெரியாமல் இழக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் நம் வேலைவாய்ப்புச் சட்டத்தில் பிரசவ விடுமுறை 98 நாள். 22 வாரத்துக்குப் பிறகு நிகழும் எந்தப் பிரசவமும் அதில் அடங்கும். குறைமாதம் என்பதால் ஒரு நாளும் குறையாது. மணமான தந்தைக்கு 7 நாள் விடுமுறை உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். எதிர்பார்க்கும் தேதிக்கு 30 நாள் முன்பு, அல்லது குழந்தை பிறந்தபின் இயன்ற விரைவில், நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் நிலையில் அந்தக் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். ஆனால் அது நாளைய வேலை. இன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு செபராங் ஜெயாவுக்குக் கிளம்புங்கள்.